சங்குக்குப் பதில் பாட்டு

அன்று மேனேஜர் அறையில் இருந்தவர்கள்: மேனேஜர், கேள்வி பதிலை எழுத வந்த கிளார்க், பாய்லர் கூடத்துப் போர்மேன் மிசியே அந்துவான், ரீலிங் பகுதியில் நூல் சுற்றும் தனபாக்கியம் அக்கா, யூனியன் கண்ணப்பன், கடைசியாகக் கதவோரம் நான், பாய்லர் பதிலி கோவிந்தன். ஆறு பேர். ஏழாவதாக ஒருவர் இருந்தார் என்பது என் எண்ணம். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருந்த அரைக் கதவின் கீழே ஒரு ஜோடி கறுப்பு ஷூ தெரிந்தது. விசாரணை முடியும்வரை அது நகரவில்லை. பிறகு கேட்டபோது அது பியூன் என்றார்கள். எங்கள் மில் பியூனுக்கு ஏது ஷூ?

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் பழைய மில் தொழிலாளர் சங்கத்தில் வயதில் சின்னவர்கள். சமீபத்தில் போர் ஒத்திகை என்று ஊரில் சைரன் ஊதினார்களே, அதற்குப் பிறகு வந்து, "அண்ணே, நீங்க பழைய யுத்தத்துல சங்கு ஊதினவராமே, எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் சங்கு ஊதியவன் இல்லை. ஊதாமல் பார்த்துக்கொண்டவன். இவர்கள் எதற்கு இப்போது இதைக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் பெண், "ஆண்டு மலருக்குப் பக்கம் நிரப்பணும்ல, அதான்பா" என்றாள். அப்படியும் இருக்கலாம்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா போனபின் முதலியார்பேட்டையில் சைக்கிள் கடை, அரிசி மண்டி என்று திரிந்துவிட்டு மில்லில் பதிலியாகச் சேர்ந்தேன். பதிலி என்றால் நிரந்தரம் கிடையாது. யாராவது வராத இடத்தில் நிற்க வேண்டும், நாளைக்கு வேலை உண்டா என்று இன்றைக்கே பயப்பட வேண்டும். பயப்படுவது எனக்குப் பிறவியிலேயே வரும் என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது. பாய்லரில் ஓர் ஆள் முதுகு பிடித்து நெடுநாள் விடுப்பில் போனார். அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

மிசியே அந்துவானை மில்லில் எல்லோரும் மிசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், சொல்தா என்பார்கள். சைகோன் பக்கம் சண்டையில் இருந்தவர் என்று சொல்வார்கள், அவர் வாயால் நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையில் கரி படாமல் பாய்லர் கூடத்தில் வேலை செய்த ஒரே மனிதர். பேச்சு குறைவு. ஒரு காரியம் முடிந்தால் "வுவாலா" என்பார், அவ்வளவுதான்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கண்ணாடியை நம்பாதே என்பது. பாய்லரின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அது காட்டும். நான் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்து, "தண்ணி இருக்கு மிசியே" என்றேன்.

"யார் சொன்னா?"

"கண்ணாடியில தெரியுதே."

"கண்ணாடியில தெரியுது. பாய்லர்ல இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவர் கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னத் திருகுக் குழாயைத் திறந்தார். கண்ணாடியில் இருந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போய்விட்டது. குழாயை மூடினார். தண்ணீர் துள்ளி ஏறிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. "இப்போ இருக்கு" என்றார். வழி அடைத்துக்கொண்டால் பழைய தண்ணீரே கண்ணாடியில் நின்று பொய் சொல்லுமாம். உள்ளே வறண்டு கிடக்கும். அதை நம்பியவன் கூடத்தோடு பறந்துபோவான். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்தக் குழாயைத் திறந்து மூடச் சொல்வார். நான் செய்து முடித்தபின் அவர் வந்து மறுபடி செய்து பார்ப்பார். என்னையும் நம்ப மாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. சந்தேகத்துக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பங்களாதேஷ் யுத்தம் வந்தது. மோட்டார் வண்டி விளக்குகளின் மேல்பாதியில் கறுப்பு மை பூசினார்கள். மில் கூரையில் இருந்த கண்ணாடிகளுக்கெல்லாம் தார் அடித்ததில் பகலிலும் உள்ளே ராத்திரிதான். உப்பளத்தில் யாரோ ஒருவன் கடலைப் பார்த்து டார்ச் அடித்தான், ஒற்றன், பிடித்துவிட்டார்கள் என்றார்கள். மறுநாள், நண்டு பிடிக்கப் போனவன் என்றார்கள். அதற்கு மறுநாள், நண்டு பிடிக்கப் போனதாக அவனே சொல்லிக்கொள்கிறான் என்றார்கள். தெருவில் புது முகம் எதைப் பார்த்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்த நாட்கள் அவை. நான் பழைய முகங்களையும் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு நாள் சர்க்காரிலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்கள் சங்கைப் பார்த்தார். நீராவியில் ஊதும் சங்கு அது. ஷிப்டு மாறும்போது நீளமாக ஒரே மூச்சு ஊதுவோம். ஊரே அதை வைத்துத்தான் உலை வைக்கும். அதிகாரி சொன்னார், இனி ஏற்றி இறக்கி ஊதினால் விமானம் வருகிறது, நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று. அதனால் ஷிப்டுக்குச் சங்கு கிடையாது. இழுக்கும் சங்கிலியைக் கொக்கியில் மாட்டிக் கயிறு கட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனார். அந்த அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பாயிற்று. தூக்கத்தில்கூட அந்த அரக்கு உடைவதுபோல் கனவு வரும்.

சங்கு இல்லாமல் ஷிப்டு விடுவது எப்படி? மணி அடித்துப் பார்த்தார்கள். தறிக்கூடத்து இரைச்சலில் மணியாவது கிணியாவது. அப்போது வழி சொன்னவர் தனபாக்கியம் அக்காதான். பாய்லர் கூடத்துக்கு அடுத்த அறைதான் ரீலிங். நடுவில் ஒரு ஜன்னல். அங்கே நூல் சுற்றும் பெண்கள் யுத்தம் தொடங்கியதிலிருந்து பயத்தைப் போக்கிக்கொள்ள ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவே கட்டிய பாட்டு.

*வானத்தில வர்ற கொக்கே - எங்க*
*வாசல் வெளக்க அணச்சிட்டோம்*
*தேடித் தேடிப் பாத்தாலும்*
*திண்டிவனந்தான் தெரியும் போ!*

கொக்கு என்றால் எதிரி விமானம். இதைக் கேட்ட திண்டிவனத்துப் பெண் ஒருத்தி அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. அது வேறு கதை.

ஏற்பாடு இதுதான். நேரம் ஆனதும் நான் ஜன்னலில் சிவப்புத் துணியைக் காட்டுவேன். அக்கா பாட்டை எடுப்பார். ரீலிங் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். ரீலிங் வாசல் பக்கம் நிற்கும் தறிக்காரர் அவர்கள் வாயைப் பார்ப்பார். தறிக்காரர்களுக்குக் காதைவிட வாயசைவுதான் பழக்கம், அந்த இரைச்சலில் குடும்பச் சண்டையைக்கூட உதட்டைப் பார்த்தே விசாரிப்பார்கள். 'கொக்கே' என்று உதடு குவிந்ததும் அவர் தன் தறியை நிறுத்திவிட்டுத் தானும் பாடத் தொடங்குவார். அவர் வாயைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். தறி வரிசை வரிசையாக அடங்க அடங்கக் கடைசியில் மில் கேட்டு வரைக்கும் பாட்டு போய்விடும். சிவப்புத் துணி காட்டாமல் யாரும் பாட்டை எடுக்கக்கூடாது என்று மேனேஜர் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டார்.

ஜனங்களுக்குக் கொண்டாட்டம். சங்கு ஊதினால் முகம் செத்துப்போய் வெளியே போனவர்கள் இப்போது பாடிக்கொண்டு போனார்கள். அக்கா நாளுக்கு ஓர் அடி சேர்ப்பார்.

*மேனேசரு தலைமேல துணியப் போடு - இல்லன்னா*
*மேலருந்து பாக்கறவனுக்கு நெலா தெரியும்!*

மேனேஜருக்குத் தலையில் முடி கிடையாது. அன்று கேட்டைத் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை. அடுத்த அடியில் நம் பெயர் வருமோ என்று எனக்கு மட்டும் கவலையாக இருந்தது.

கண்ணப்பனுக்கு மட்டும் வேறு கவலை. அவர் ஒரு நாள் பாய்லர் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா கோயிந்து, பாட்டு லேட்டா எடுக்குதே. கடியாரத்த எவன் திருப்பி வைக்கிறான்?"

"எனக்குத் தெரியாதுண்ணா. சாவி மிசியேகிட்ட இருக்கு."

"அதான் கேக்கறேன். சங்குன்னா ஊருக்கே தெரியும். பாட்டுன்னா உனக்கும் அவருக்குந்தான் தெரியும். ஆளுக்குப் பத்து நிமிஷம் திருடினா மில்லுக்கு எத்தினி லாபம்?"

மிசியே சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணப்பன் கையில் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். அன்று முழுவதும் கண்ணப்பன் அதைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் திருப்பி மாட்டிவிட்டார். ஆனாலும், "இவ்ளோ சுலபமா குடுக்கறாருன்னா ஏதோ இருக்குடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. விளக்கு வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். கரண்ட் போய்விட்டது. தார் அடித்த கூரைக்குக் கீழே அது என்ன இருட்டு என்று சொல்ல முடியாது. தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. நூலுக்குக் கஞ்சி போடும் மெஷின் நின்றதால் நீராவியை வாங்க ஆள் இல்லை. பாய்லரில் அழுத்தம் ஏறியது. நான் ஓடிப்போய் அடுப்புக்குக் காற்று போகும் வழியை மூடினேன். மூடியதைத் தடவிப் பார்த்தேன். மறுபடியும் தடவிப் பார்த்தேன். அடுப்பு வெளிச்சத்தில் அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே இருந்தது. மிசியே மேலே ஏறிப்போய்ச் சேப்டி வால்வின் பிடியை இழுத்தார்.

சரியான காரியம்தான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஆனால் அடைந்து கிடந்த நீராவி அத்தனையும் ஒரே வாயில் வெளியே வந்தால் எப்படி உறுமும் என்பதைப் பக்கத்து அறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கே அறிவார்கள்?

"குண்டு போட்டான்!" என்று ஒரு குரல். பிறகு எல்லாம் கூச்சல். ரீலிங் அறைக்கு ஒரே வாசல், அதுவும் குறுகல். நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூல் விழும் சத்தம், "என்ன மிதிக்கிறாங்களே" என்று ஒரு பெண்ணின் அலறல். அந்த அலறலுக்கு மேலே, தனபாக்கியம் அக்காவின் குரல் எழும்பியது. வானத்தில வர்ற கொக்கே.

இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு நாலைந்து. கூச்சல் அடங்கிப் பாட்டு ஆயிற்று. திண்டிவனம் வரும்போது யாரோ சிரித்ததுகூடக் கேட்டது. கீழே விழுந்த பெண்ணைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் தறிகள் நின்றிருந்தனவே. அதுவரை வாயைப் பார்த்தே தொடங்கிய பாட்டை, ரீலிங்கில் எடுக்கும்போதே தறிக்கூடத்துக்காரர்கள் அன்றுதான் முதல் முறையாகக் காதால் கேட்டார்கள். முன்பெல்லாம் கரண்ட் போய் வராவிட்டால் சங்கு ஊதி ஆட்களை விட்டுவிடுவது வழக்கம். இப்போது சங்குக்குப் பதில் பாட்டு. அப்படியானால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மில் மொத்தமும் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு, இருட்டில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறக்கச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தறி ஓட்ட ஆள் இல்லை.

அதற்குத்தான் அந்த விசாரணை.

"பாட்டை எடுக்கச் சொன்னது யார்?" என்றார் மேனேஜர்.

"யாரும் சொல்லல சார்" என்றார் அக்கா. "பொண்ணுங்க ஒருத்தி மேல ஒருத்தி வுழுந்துட்டு கெடந்தாங்க. என் வாயி தானா தொறந்துச்சு."

"சிவப்புத் துணி இல்லாமல் பாடக் கூடாதுன்னு கைநாட்டு வச்சியா இல்லையா?"

"வச்சேன். இருட்டுல செவப்பு ஏது சார், கறுப்பு ஏது?"

"என் தலையைப் பற்றிக்கூடப் பாடுறியாமே?"

கிளார்க்கின் பேனா நின்றது. அக்கா தரையைப் பார்த்தார். "அது வேற அடி சார். அன்னிக்கு அது வரைக்கும் போகல."

கண்ணப்பன் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றினார் என்று நினைக்கிறேன். மேனேஜர் சிரிக்கவில்லை. யுத்த நேரத்தில் வேண்டுமென்றே உற்பத்தியை நிறுத்தியதாக எழுதினால் வேலை போவதோடு முடியாது, போலீசுக்கும் போகும் என்றார். அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இரண்டு பிள்ளைகள். அந்தச் சம்பளம் ஒன்றுதான். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் அரைக் கதவின் கீழே ஷூவைப் பார்த்தேன். போலீஸ் ஷூவா, சாதா ஷூவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்ணப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மிசியே எழுந்து நின்றார்.

"வால்வ இழுத்தது நான். சத்தம் என்னோடது. பொம்பளைங்க பயப்படுவாங்க, பாட்டு எடுக்கச் சொல்லுன்னு இவன ஜன்னலுக்கு அனுப்பினதும் நான். வுவாலா."

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பொய். அவர் என்னை அனுப்பவே இல்லை.

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"யாரும் கேக்கல."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அனுப்பினாரா?"

அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. அனுப்பினார் என்றால் உத்தரவின்படி பாட்டு, அக்கா தப்பிப்பார். ஆனால் இருட்டில் தகவல் சொன்னவன் நான் ஆவேன். பதிலியைத் துரத்த விசாரணைகூட வேண்டாம். மிசியே ஏன் இதைச் செய்கிறார்? அக்காவைக் காப்பாற்றுகிறாரா, பழியை என் தலையில் இறக்குகிறாரா? அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தேன். அக்காவும் என்னைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அனுப்பினாரு சார்" என்றேன்.

கிளார்க் எழுதிக்கொண்டார். அக்காவின் வேலை நிலைத்தது. மிசியேவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பாதியில் போன ஷிப்டுக்காக எல்லோருக்கும் அரை நாள் கூலி பிடிப்பது, யுத்தம் முடிந்ததும் பரிசீலித்துத் திருப்பித் தருவது என்று தீர்மானம். வேலை நின்ற நேரத்திலும் நான் பாய்லரில்தான் நின்றிருந்தேன், ஆனாலும் அந்த வரிசையில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். கேட்கப் பயந்து சும்மா இருந்தேன்.

அன்று ஷிப்டில் மிசியே வழக்கம்போல் கண்ணாடிக்குக் கீழே இருந்த குழாயைத் திறந்து மூடச் சொன்னார். செய்தேன். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"மிசியே, நீங்க என்ன அனுப்பலையே?"

"இல்ல."

"அப்புறம் ஏன்..."

அவர் குனிந்து தானும் ஒரு முறை குழாயைத் திறந்தார். தண்ணீர் போய், திரும்பி வந்து நின்றது.

"இருட்டுல பாடறவங்கள நிறுத்தக் கூடாது" என்றார். "அத அங்க பாத்தேன்."

அங்கே என்றால் சைகோனா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பின் பல மாதம், என்னைக் கூப்பிட்டனுப்புவார்கள், பொய் சொன்னதற்காக நிறுத்துவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. இதற்கிடையில் யுத்தம் சீக்கிரமே முடிந்தது. அதிகாரி வந்து அரக்கை உடைத்தார். சங்கு மறுபடி ஷிப்டுக்கு ஊதத் தொடங்கியதும் பாட்டு நின்றுபோயிற்று. கொஞ்ச நாளைக்குச் சங்கு ஊதியபின்னும் தறிக்காரர்கள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் தறியை நிறுத்துவார்கள்.

நான் நிரந்தரமானேன். மிசியே ஓய்வு பெற்றார், பிறகு தவறியும்விட்டார். மில் கைமாறி, நொடித்து, மூடப்பட்டது. மிச்ச வருஷங்களை எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியின் பாய்லரோடு கழித்தேன். அது எல்லாம் தானாகவே நடக்கும் மெஷின், திரையில் பச்சை எழுத்தில் தண்ணீர் மட்டம் காட்டும். பையன்கள் அதைப் பார்த்துவிட்டுப் போன் நோண்டுவார்கள். நான் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பேன். "தாத்தாவுக்கு எல்லாத்துலயும் டவுட்டு" என்பார்கள். அந்தப் பாய்லர் நான் ஓய்வு பெறும்வரை நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

ஒத்திகைச் சைரன் ஊதிய அன்று தனபாக்கியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர் மகன் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"டேய் கோயிந்து, ஊதுறான் கேட்டியா?"

"கேட்டேங்கா. ஏத்தி எறக்கி ஊதுறான். ஒத்திகன்னுதான் சொல்றாங்க. நெசமா இருந்தாலும் அப்படித்தான சொல்லுவாங்க?"

"நீ இன்னும் மாறவே இல்லடா. நான் பாடிட்டேன். பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பாத்தா, கெழவிக்கு என்ன ஆச்சின்னு. சங்கு ஊதினா நாங்க பாடுவோம், நீ போய் அடுப்பப் பாருன்னுட்டேன்."

"மேனேஜர் அடியும் பாடினியாக்கா?"

"அத வுடுவேனா? அன்னிக்குப் பாதியில நின்னதுல்ல அது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீ மட்டும் இல்லன்னு சொல்லிருந்தா, எம் புள்ளைங்க என்னா ஆயிருக்கும்டா?"

அக்காவே பேச்சை மாற்றினார்.

"ஆமா, புடிச்ச அந்த அர நாள் கூலி உனக்கு வந்துச்சா?"

"இல்லக்கா. உனக்கு?"

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். வந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. எனக்கு அன்றிலிருந்து அதே யோசனைதான். கண்ணப்பன் யூனியனில் இருந்தவர், அவர் எப்படியாவது வாங்கியிருப்பார். அக்காவுக்கும் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். என் கைக்கு மட்டும் வரவில்லை. யுத்தம் முடிந்தது, மில்லும் முடிந்தது. இரண்டு ரூபாய் பத்துக் காசு இன்னும் பாக்கி.